கச்சானுக்குத் திறந்த விடுதி

1962 பெப்ரவரி 6, திருகோணமலை

சுற்றுப்பொதி இன்று வந்து சேர்ந்தது. ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததால் மூலைகள் நசுங்கி, சணல் கயிறு தளர்ந்து, ஒரு பக்கம் ஈரம் பட்டிருக்கிறது. உள்ளே கட்டடப் படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

நஜ்முன் நிஸா குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"வந்திட்டா உங்கட கூட்டாளிமார்ர பொதி? இனி மனுசனுக்குச் சோறும் வேணாம், பொண்டாட்டியும் வேணாம்."

பதில் சொன்னால் கதை வளரும்.

கூட்டாளிமார் என்று அவள் சொல்வது சரிதான். நாங்கள் ஆறு பேர். கோப்பன்ஹேகனில் லார்ஸ், நான் பம்பாயில் கட்டடக்கலை படித்தபோது ஒரு வருடம் வந்து கற்பித்தவர், பொதியைத் தொடக்கியவரும் அவரே. கானாவில் ஒஃபோரி. பிறேசிலில், றெசீஃபே என்ற துறைமுகத்தில், இனேஸ் என்றொரு பெண். மற்ற இருவர் எப்போதாவதுதான் எழுதுவார்கள். லார்ஸைத் தவிர எல்லோரும் வெயிலோடு மல்லுக்கட்டுகிறவர்கள். பொதி ஊர் ஊராகப் போகும். வந்ததும் நம் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்து அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும். படத்தில் பெயர் போடக்கூடாது. வடக்கு எந்தப் பக்கம் என்று காட்டும் வட குறி கட்டாயம் போட வேண்டும். யாருடையதையும் யாரும் எடுத்துக் கட்டலாம், ஆனால் தன் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் மாற்றி வரைந்த பிறகுதான்.

பெயர் போடக்கூடாது என்ற விதி எனக்கு மிகவும் பிடிக்கும். நான் வேலை செய்கிற அரசாங்கக் கந்தோரில் ஒரு கழிவறைக்குப் படம் கீறினாலும் அதில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டுப் பெருமைப்படுகிறார்கள்.

1962 பெப்ரவரி 11

கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து பதில் வந்திருக்கிறது. சேனைத்துறை பிரசவ விடுதிக்கு நான் கீறிய படத்தைத் தள்ளிவிட்டார்கள். "முன்மாதிரி எதுவும் இல்லாத வடிவமைப்பு." முன்மாதிரி இருந்தால் அதை நான் ஏன் கீற வேண்டும்?

சேனைத்துறை என் ஊர். கொட்டியார்க் குடாவின் தெற்குக் கரை. லோஞ்சு என்கிற மோட்டார்ப் படகில் போய் மூதூரில் இறங்கி வண்டியில் போக வேண்டும். பிள்ளைப்பேறு சிக்கலானால் அதே வண்டி, அதே லோஞ்சு, குடாவைக் கடந்து இந்தக் கரை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். எங்கள் முதல் பிள்ளை வாடைக் காற்றில் லோஞ்சிலேயே பிறந்து லோஞ்சிலேயே போனது. அதைப் பற்றி நானும் நஜ்முன் நிஸாவும் பேசுவதில்லை. படம் மட்டும் கீறினேன்.

எங்கள் ஊரில் வடக்கே குடா, தெற்கே வயல்வெளி. வைகாசி பிறந்தால் தெற்கிலும் மேற்கிலுமிருந்து கச்சான் காற்று வரும், நெருப்பு வாரி இறைத்ததுபோல. அதனால் தெற்கே இரட்டைச் சுவர், நடுவில் ஒரு சாண் வெளி. அது ஒஃபோரியின் தாளில் படித்தது. வடக்கே, குடாவைப் பார்த்து, தரையிலிருந்து கூரை வரை ஓட்டைக் கற்களால் அடுக்கிய சுவர். அது இனேஸின் ஊர் வழக்கம். அதற்கு மேல் மழை அடிக்காதபடி இறக்கிவிட்ட ஆழமான தாழ்வாரம். அது என்னுடையது. கடற்காற்று கட்டிலுக்குக் கட்டில் போகும்.

இங்கே கட்டமாட்டார்கள் என்றால் ஊர் சுற்றியாவது பார்க்கட்டும். இந்தத் தாளையே பொதியில் வைக்கப்போகிறேன்.

1962 பெப்ரவரி 27

பொதி போய்விட்டது. வீடு வெறிச்சென்று இருக்கிறது.

1962 செப்டம்பர் 14

இனேஸிடமிருந்து தனிக் கடிதம். என் விடுதியைக் கட்டப்போகிறாளாம்! துறைமுகத்துக் கூலிப் பெண்களுக்கு, ஒரு தொழிற்சங்கத்தின் காசில்.

"உங்கள் ஊர் பூமத்திய ரேகைக்கு எவ்வளவு மேலேயோ என் ஊர் கிட்டத்தட்ட அவ்வளவு கீழே. எங்களுக்கு வெயில் வடக்கே. நல்ல காற்றுத் தென்கிழக்கே. ஆகவே உங்கள் படத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டேன். தடித்த சுவர் வடக்கே, ஓட்டைக் கல் தெற்கே. கோபமில்லையே?"

கோபமா! நஜ்முன் நிஸாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசியில் இனேஸ் தன் பாஷையில் சில சொற்களை எழுதியிருந்தாள்: கதேய்ரா, ஜனேலா, அர்மாரியு.

"கதிரை, ஜன்னல், அலுமாரி. இது நம்மட சொல்லுதானே! அந்த மனுசி நம்மட ஆளோ?"

நானூறு வருடத்துக்கு முன் போர்த்துக்கீசப் பறங்கியர் இங்கே போட்டுவிட்டுப் போன சொற்கள், இனேஸ் பேசுவதும் அதே பாஷைதான் என்று விளக்கினேன். அவள் கேட்கவில்லை. "நல்லா இரிக்கட்டும். அங்கயாவது புள்ளைகள் காத்தோட பொறக்கட்டும்" என்றாள். அதுதான் அவள் முதன்முறையாகப் பொதியைத் திட்டாமல் விட்டது.

1963 ஜூலை 2

கச்சான். மேசையில் தாள் நிற்கவில்லை. கொழும்புக்கு மறுபடி எழுதினேன். மறுபடி இல்லை என்றார்கள்.

1964 ஜனவரி 21

எப்படி எழுதுவது? முதலில் இருந்தே எழுதுகிறேன்.

காலையில் காசிநாதர் கூப்பிட்டார். மாவட்டப் பொறியியலாளர், என் மேலதிகாரி. நல்ல மனிதர், ஓய்வூதியத்துக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது என்பதால் இரட்டிப்பு நல்லவர், யாரோடும் மோதமாட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"றஹ்மான், உம்மட ஊருக்கு விடுதி வருது. வெளிநாட்டு உதவி. படமும் அவையளே அனுப்பியிருக்கினம். இனி நீர் அழத் தேவையில்லை."

படத்தை விரித்தார். "வெப்பமண்டலப் பிரசவ விடுதி: மாதிரிப் படம்." இரட்டைச் சுவர். ஓட்டைக் கல். தாழ்வாரம். தாழ்வாரத்தின் முனையில் மழைநீர் வழிய நான் வைத்த அந்தச் சின்ன வளைவுகூட அப்படியே.

என் படம்! பிறகுதான் வட குறியைப் பார்த்தேன். தடித்த சுவர் வடக்கே. ஓட்டைக் கல் தெற்கே.

இது இனேஸ் திருப்பிய படம். அவள் கட்டிய விடுதியைப் பார்த்து யாரோ மெச்சி, ஒரு சஞ்சிகையில் போட்டு, அதை உதவி நிறுவனம் எடுத்து, எல்லா நாட்டுக்கும் என்று அச்சடித்திருக்க வேண்டும். மாற்றி வரைய வேண்டும் என்ற விதி அவர்களுக்கு எப்படித் தெரியும்? அது பொதிக்குள் இருக்கிற விதி.

இப்படியே கட்டினால் குடாக் காற்றுக்குச் சுவர் வைத்து, கச்சானுக்கு வாசல் திறந்து விடுவோம். என் ஊரில்! என் படத்தை வைத்து!

1964 ஜனவரி 22

காசிநாதரிடம் எல்லாம் சொன்னேன். கதிரையில் சாய்ந்து முழுவதும் கேட்டார்.

"நீர் சொல்லுறது உண்மையா இருக்கும். ஆனா ஆர் நம்புவினம்? படத்தில உம்மட பேர் இல்லை."

"கொழும்பில என்ற பழைய கோப்பு இரிக்கு சேர். அதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க."

"எடுத்தா? 'நாங்கள் குப்பையில போட்டதைத்தான் வெளிநாட்டுக்காரன் பொன்னெண்டு அனுப்பியிருக்கிறான்' எண்டு அவை ஒத்துக்கொள்ளுவினமோ? நீர் ஏன் காணும் உதுக்குள்ள தலையை விடுறீர்?"

பெயர் வேண்டாம், திருப்பிப் போட்டால் போதும் என்றேன். தாளைத் தலைகீழாகப் பிடித்தால் போதும், ஒரு சதம் கூடச் செலவில்லை. அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். மாதிரிப் படத்தில் எந்த மாற்றமானாலும் உதவி நின்றுவிடும். படத்தை வரைந்தவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் மாற்றலாம்.

"வரைஞ்சவர் ஆர் எண்டு போட்டிருக்கு?"

போட்டிருந்தது. றெசீஃபேயில் உள்ள இனேஸின் கந்தோர்.

ஒரு கடிதம். அவளிடமிருந்து இரண்டு வரி வந்தால் போதும்.

1964 ஜனவரி 23

இனேஸுக்கு விமானத் தபால் போட்டேன். லார்ஸுக்கும் ஒஃபோரிக்கும் கூட. நஜ்முன் நிஸா முத்திரையை ஒட்டும்போது பிஸ்மில்லாஹ் சொன்னாள்.

1964 மார்ச் 3

ஒன்றும் வரவில்லை. இனேஸ் எப்போதும் தாமதம்தான்.

1964 ஏப்ரல் 4

பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. பிறேசிலில் இராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டதாம். தொழிற்சங்கக்காரர்களைப் பிடிக்கிறார்களாம். றெசீஃபே என்ற பெயரும் இருந்தது.

அந்த விடுதி தொழிற்சங்கத்தின் காசில் கட்டியது.

நான் என்ன மனிதன்! அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று நினைப்பதற்கு முன்னால், என் கடிதம் என்ன ஆயிற்றோ என்றுதான் நினைத்தேன்.

1964 மே 9

ஒஃபோரியின் பதில் வந்தது. மூன்று பக்கம் ஆத்திரப்பட்டிருக்கிறான். தான் எழுதித் தரத் தயார், ஆனால் அந்தப் படத்தில் தன் பெயர் இல்லையே என்கிறான். லார்ஸும் எழுதியிருக்கிறார். உதவி நிறுவனத்தில் பேசிப் பார்த்தாராம். வரைந்தவர் யார் என்று கேட்டார்களாம். "நம் விதிப்படி வரைந்தவர் என்று யாரும் இல்லை. அதை நான் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கையில் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது" என்கிறார்.

நல்ல மனிதர்கள்தான். எல்லோரும் நல்லவர்கள். யாராலும் ஒன்றும் ஏலாது.

1964 ஜூன் 10

சேனைத்துறையில் அத்திவாரத்துக்குக் கயிறு பிடித்தார்கள். நான்தான் மேற்பார்வை. இதைவிடப் பெரிய பகிடி வேறு இல்லை. கச்சான் அடித்து, கட்டிய கயிறு விண்விண் என்று அதிர்ந்தது. கட்டைபறிச்சானிலிருந்து வந்த மேசன் சாமித்தம்பி நான் முகம் கொடுக்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார். திசை பிழை என்று அந்தக் காற்றிலேயே அவருக்கும் தெரிந்திருக்கும்.

"ஐயா ஒரு சொல்லுச் சொன்னா நான் இப்பவே திருப்பிக் கட்டிப்போடுவன். எனக்கு எந்தப் பக்கம் எண்டாலும் அதே கல்லு, அதே சாந்து. ஆனா பிறகு வந்து இடிக்கச் சொன்னா, ஆர் நிக்கிறது?"

யார் நிற்பது? நான் நிற்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நின்றால் என் வேலை மட்டும் போகாது. உதவியும் போகும். பிறகு அந்த இடத்தில் தென்னை மரம்தான் நிற்கும். பிள்ளைத்தாய்ச்சிகள் பழையபடி லோஞ்சில் ஏறுவார்கள். பிழையான விடுதி நல்லதா, விடுதியே இல்லாதது நல்லதா?

"படத்தில உள்ளபடி கட்டுங்க" என்றேன்.



1964 ஓகஸ்ட் 18

காசிநாதர் எனக்கு ஒரு உபகாரம் செய்திருக்கிறார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. "உமக்கு ஒரு மனத் திருப்திக்கு" என்று சொல்லி, விடுதியின் அடிக்கல்லில் என் பெயரைப் பொறித்துவிட்டார். மூன்று மொழியிலும். "கட்டடக் கலைஞர் எம். ஐ. கலீலுர் றஹ்மான்." கல்லைத் தடவித் தடவிக் காட்டினார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

சரியாக இருந்த படத்தில் என் பெயர் இல்லை. பிழையானதில் மூன்று மொழியில் இருக்கிறது.

அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

1964 ஒக்டோபர் 30

ஜனவரியில் போட்ட என் கடிதம் திரும்பி வந்துவிட்டது. மேலே அவர்கள் பாஷையில் ஒரு முத்திரை. உறையை யாரோ வெட்டித் திறந்து, மறுபடி பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

நஜ்முன் நிஸா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்த மனுசிக்கு ஒண்டும் நடந்திரக்கூடாது" என்றாள். விடுதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைவிட அவள் பெரிய மனுஷி.

1964 டிசம்பர் 26

புயல் போய்விட்டது. எங்கள் வீட்டுக் கூரையில் பாதி ஓடு இல்லை. கிணற்றுக்குள் முருங்கை மரம் கிடக்கிறது. எத்தனை வள்ளங்கள் போயின, எத்தனை பேர் போனார்கள் என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை. றேடியோ ஒன்று சொல்கிறது, சந்தை ஒன்று சொல்கிறது.

இன்றுதான் சேனைத்துறைக்குப் போக முடிந்தது. றுக்கியா, என் மச்சினி, நஜ்முன் நிஸாவின் தங்கை, வீட்டாரோடு பள்ளிவாசலில் ஒதுங்கிப் பிழைத்திருக்கிறாள். விடுதியைப் போய்ப் பார்த்தேன். கூரை இன்னும் போடவில்லை. வடக்குச் சுவர் ஒரு கல் அசையாமல் நிற்கிறது.

எழுதவே கூசுகிறது. நிற்பதைக் கண்டதும் எனக்கு வந்தது ஏமாற்றம். விழுந்திருந்தால் திருப்பிக் கட்டியிருக்கலாமே என்று. சுற்றிவர வீடிழந்து நிற்கிற சனத்தின் நடுவில் நின்றுகொண்டு அதை நினைத்தேன். அஸ்தஃபிருல்லாஹ்.

1965 ஏப்ரல் 12

திறப்பு விழா. மந்திரி வரவில்லை, ஆள் அனுப்பினார். மாலை போட்டார்கள். எனக்கும் ஒன்று. காற்று நன்றாகத்தான் இருந்தது இன்று. கச்சானுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே.

மருத்துவிச்சி கனகம்மா கட்டில்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். வெளியூர்ப் பெண். எங்கள் கச்சானை அவர் இன்னும் பார்க்கவில்லை.

1965 ஜூலை 8

றுக்கியாவுக்குப் பெண் பிள்ளை. விடுதியில். தாயும் பிள்ளையும் சுகம். முதலில் அதை எழுதிவிடுகிறேன். லோஞ்சு இல்லை, வாடை இல்லை, பயம் இல்லை.

நஜ்முன் நிஸாவோடு மத்தியான நேரம் போனேன். வாசலில் கால் வைத்ததுமே முகத்தில் அடித்தது. ஓட்டைக் கல் வழியாகக் கச்சான் புழுதியோடு உள்ளே வந்து, வடக்குச் சுவரில் முட்டி, போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே சுழல்கிறது. கட்டில் இரும்பைத் தொட முடியவில்லை. கனகம்மா பச்சைப் பிள்ளைகளுக்கு ஈரத் துணியால் விசிறிக்கொண்டிருந்தார். இரண்டு தாய்மார் பாயை எடுத்துக்கொண்டு வெளியே போய், வடக்குச் சுவரின் பின்னால் நிழலில் படுத்திருந்தார்கள். சுவரின் பிழையான பக்கத்தில் நல்ல காற்று.

றுக்கியா எழுந்து புடைவையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"மச்சான், கோவிக்காதீங்க. புள்ள மூச்செடுக்கக் கஷ்டப்படுது. நான் ஊட்டுக்குப் போறன்."

"ஓம் புள்ள, போங்க."

பிள்ளையைத் துணியால் மூடித் தூக்கினாள். பிறகு, குற்றம் சொல்வதுபோலக்கூட இல்லை, உண்மையில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்:

"நீங்க படிச்ச ஆள். எங்களுக்கெண்டு கட்டக்குள்ள மட்டும் ஏன் இப்பிடிக் கட்டினீங்க?"

என்னத்தச் சொல்லுற? பிறேசில்ல வெயில் வடக்கால எண்டு சொல்லுறதா? ஆறு பேர் ஒரு பொதி அனுப்பினம், அதுல பேர் போடுறல்ல எண்டு சொல்லுறதா? பிள்ள பெத்து ஒரு நாளாகாத மனுசிட்ட?

நஜ்முன் நிஸா வாய் திறக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

1965 ஜூலை 20

ஊரில் விடுதிக்குப் பெயர் வைத்துவிட்டார்களாம். "றஹ்மான்ட போறணை." பாண் சுடுகிற பெரிய அடுப்பு. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. மறுக்க முடியவில்லை.

1965 செப்டம்பர் 2

தெற்கே அடைத்து வடக்கே ஜன்னல் வெட்ட அனுமதி கேட்டிருந்தேன். ஒப்பந்தப்படி ஐந்து வருடத்துக்கு ஒரு கல்லும் தொடக்கூடாதாம். கூடவே இன்னொரு கடிதம். நவீனக் கட்டட முறை இந்தப் பிரதேசத்துக்குப் பொருந்தாது என்பது சேனைத்துறை அனுபவத்தில் தெரியவந்துள்ளதால், இனிமேல் இப்படியான ஆலோசனைகளை அனுப்பி நேரத்தை வீணாக்க வேண்டாமாம்.

வாசித்துவிட்டுச் சிரித்தேன். காசிநாதர் பயந்துபோய் ஒரு தேத்தண்ணி எடுப்பித்தார்.

1965 நவம்பர் 16

பொதி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியாக றெசீஃபேக்குப் போனதாம். அதோடு சரி.

1966 மே 19

இனேஸ் உயிரோடு இருக்கிறாள்!

றெசீஃபே அல்ல, பக்கத்து நாட்டின் மொன்டெவிடேயோ நகர முத்திரை. கந்தோரை மூடிவிட்டார்கள், கூட இருந்த இருவர் சிறையில், தான் ஒரு பெட்டியோடு எல்லை கடந்தாளாம். மூன்று வரியில் முடித்துவிட்டாள். எங்கள் கதையை லார்ஸ் சொல்லித் தெரிந்ததாம். உள்ளே மடித்து இன்னொரு தாள், கையெழுத்தும் கந்தோர் முத்திரையும் வைத்து. அந்த முத்திரையைப் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். "இந்தப் படம் சிலோனில் வரையப்பட்டது. அதை வரைந்தவர் தன் ஊருக்குத் தேவையான திசையில் திருப்பிக்கொள்ளலாம்." இரண்டே வரி. நான் கேட்டபடியே, 1970 வரை ஒரு கல்லும் தொடக்கூடாத கட்டடத்துக்கு.

ஒரு புகைப்படமும் இருந்தது. நீளமான விடுதி. ஓட்டைக் கற்கள் வெள்ளை வெளேரென்று. உள்ளே கட்டில்களில் தாய்மார். சேலைத் துணிபோல மெல்லிய திரை ஒன்று காற்றில் உப்பி, ஒரு பெண்ணின் முகத்தை மூட, அவள் சிரித்துக்கொண்டே விலக்குகிறாள். பின்பக்கத்தில் இனேஸின் கை: "தாய்மார் இதற்கு 'சிலோன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளை எங்கே பிறந்தது என்று கேட்டால் சிலோனில் பிறந்தது என்கிறார்கள். விதியை மீறி உங்கள் நாட்டின் பெயரை மட்டும் நான்தான் சொன்னேன். மன்னித்துவிடுங்கள்."

நஜ்முன் நிஸா படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து வருதுதானே அங்க?"

"ஓம்."

"றுக்கியாட்டக் காட்டுவமா?"

வேண்டாம் என்றேன். அவள் படத்தை அலுமாரிக்குள் வைத்தாள், முதல் பிள்ளைக்கென்று தைத்த சின்னச் சட்டை ஒன்று மடித்து வைத்திருக்கிறாளே, அந்தத் தட்டில்.

கச்சான் தொடங்கிவிட்டது. தெற்கு ஓட்டைக் கல்லுக்குப் போன வருடம் கட்டிய சாக்குகள் இற்றுப்போயினவாம், கனகம்மா ஆள் விட்டிருக்கிறார். நாளைக்கு முதல் லோஞ்சில் புதுச் சாக்கு கொண்டுபோகிறேன். நனைத்து நனைத்துத் தொங்கவிட வாளி இரண்டும் வேண்டுமாம்.